ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்: கார் வடிவமைப்பு, சாலைப் பழக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஓட்டி வருகிறேன். சொந்தத்தில் யாராவது கார் வாங்கப் போகிறார்கள் என்றால் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். விலையையும் மைலேஜையும் விற்பனையாளரே சொல்லிவிடுவார். என்னிடம் வருகிற கேள்விகள் வேறு விதமானவை. அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டு, என் மனத்தில் இருப்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

ஒரு கார் அழகாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

ஷோரூமில் எல்லோரும் காரைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். நான் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிடுவேன். எந்தப் பொத்தானையும் தொடாமல் ஐந்து நிமிடம் வெளியே பார்ப்பேன். முன் கண்ணாடியின் இரண்டு ஓரங்களிலும் கூரையைத் தாங்கும் தூண்கள் எவ்வளவு இடத்தை மறைக்கின்றன? பானெட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரிகிறதா? தோளுக்கு மேல் திரும்பினால் பக்கவாட்டில் வரும் ஸ்கூட்டர் கண்ணில் படுமா? தெருவில் போகிறவர்கள்தான் உங்கள் காரின் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறார்கள். அதை வாங்கிய நீங்கள் பத்து வருடம் பார்க்கப்போவது அதன் உள்ளிருந்து தெரிகிற சாலையை. ஆகவே என் கணக்கில் காரின் அழகு கண்ணாடியில் தொடங்குகிறது.

அதன் பிறகுதான் வெளியே இறங்கிப் பார்ப்பேன். சக்கரங்கள் நான்கு மூலைகளுக்கும் தள்ளி நிற்கின்றனவா, உடலின் கனத்துக்கும் கண்ணாடியின் பரப்புக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பவை போதும். காற்றே புகாத காற்றுத் துளைகள், புகையே வராத போலி சைலன்சர் முனைகள் இவையெல்லாம் எனக்குக் கண்ணை உறுத்தும். ஒரு பொருள் தான் செய்யாத வேலையைச் செய்வதுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் பழைய கார்கள்தான் சிறந்தவை என்கிறீர்களா?

எங்கள் வீட்டில் பிரீமியர் பத்மினி இருந்தது. இத்தாலியின் ஃபியட் 1100 காரை அடிப்படையாகக் கொண்டு பம்பாயில் தயாரானது. 1974-ல்தான் பத்மினி என்ற பெயர் வந்தது. அதன் முன் கதவில், பெரிய கண்ணாடிக்கு முன்னால் ஒரு சிறிய முக்கோணக் கண்ணாடி தனியாக இருக்கும். கொக்கியை விடுவித்து அதை உள்பக்கமாகத் திருப்பினால், ஓடுகிற வண்டியின் காற்று நேராக நெஞ்சில் வந்து இறங்கும். சித்திரை வெயிலில் பல்லடம் சாலையில் போகும்போது அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வலது கை விரல்களால் அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்வார். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. ஒரு கீலும் ஒரு கொக்கியும்தான். அவ்வளவு சிறிய பொருளில் அவ்வளவு யோசனை இருந்தது.

ஆனால் அந்தக் காரில் முன் இருக்கை நீண்ட ஒரே பலகை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்து போனேன், பெல்ட் எதுவும் இல்லாமல். இன்று என் பிள்ளையை அப்படி உட்கார வைக்க மாட்டேன். பழைய கார்களின் மெல்லிய தூண்களை நான் புகழும்போது, அவை மெல்லியதாக இருந்ததற்குக் காரணம் கூரை நசுங்குவதைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தியாவில் புதிய மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது 2017 அக்டோபரில்தான். இன்றைய தூண் பருத்திருக்கிறது என்றால் அது உயிரைக் காக்கிறது. அந்தத் தூணுக்குள் எஃகை வலுவாக்கி அகலத்தைக் குறைப்பதற்குப் பாடுபடும் வடிவமைப்பாளரே இன்று என் மரியாதைக்குரியவர்.

அம்பாசிடரைப் பற்றியும் கேட்பார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார்தான் வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடராகி 2014 வரை வந்துகொண்டிருந்தது. போட்டியில்லாத சந்தைதான் அதை அத்தனை காலம் வாழவைத்தது. ஆனாலும் அதன் பின் இருக்கையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேட்டி கட்டிய பெரியவர் குனியாமல், மடிப்புக் கலையாமல் ஏறி இறங்க முடிந்தது. இன்று அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கார்களில் என் மாமா கூரையில் தலையை இடித்துக்கொள்கிறார்.

நம் ஊர்ச் சின்ன செடான் கார்களின் பின்பக்கம் ஏன் அரிவாளால் வெட்டியதுபோல் இருக்கிறது?

பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார்தான் செடான். அதன் வாலை வரி விதி வெட்டியது. 2006 மத்திய பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் என்ஜின் 1,500 சிசிக்குள். அன்றிலிருந்து இந்தியாவில் கார் வரைகிறவரின் மேசையில் நான்கு மீட்டரில் ஒரு கோடு விழுந்துவிட்டது.

2008-ல் டாடா இண்டிகோ சிஎஸ் அந்தக் கோட்டுக்குள் அடங்கிய முதல் செடானாக வந்தது. அதே 2008-ல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4.16 மீட்டர் நீளம். 2012-ல் அதன் அடுத்த தலைமுறையை 3.995 மீட்டருக்குச் சுருக்கினார்கள். எங்கே சுருக்க முடியும்? முன்னால் என்ஜின் இருக்கிறது, நடுவில் மனிதர்கள் இருக்கிறார்கள். டிக்கியின் வாலில்தான் கத்தி வைக்க முடிந்தது. முன்பாதியை ஒருவரும் பின்பாதியை வேறொருவரும் வரைந்ததுபோல் அந்தக் கார்கள் நின்றன.

பிறகு வந்த கார்கள் தேறிவிட்டன. தனி டிக்கி நீளாத ஹேட்ச்பேக் காரில் டிக்கியை ஒட்டவைப்பதை விட்டுவிட்டு, முதல் நாளிலிருந்தே நான்கு மீட்டருக்குள் செடானாக யோசித்தார்கள். 2017-ல் வந்த டாடா டிகோரின் சரிந்திறங்கும் கூரையைப் பாருங்கள். விதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றியமைத்தபோதும் அதே எல்லைக்குள் வரும் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம் என்று வைத்தார்கள். அளவைக் கட்டுப்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. நம் தெருக்களுக்குச் சின்னக் கார்தான் பொருத்தம்.

இந்தியாவில் வந்த கார்களில் வடிவமைப்புக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்?

1998-ல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ. பலருக்கு இந்தப் பதில் ஏமாற்றமாக இருக்கும். வந்த புதிதில் அதன் உயரத்தைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள் குறைவு. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஒரு நாள் சித்தியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நண்பரின் சான்ட்ரோவை வாங்கிப் போனேன். முட்டிவலிக்காரர் அவர். மாருதி 800-ல் ஏற வேண்டுமானால் முதலில் கதவைப் பிடித்துக் கீழே இறங்கி, பிறகு உள்ளே நகர்ந்து, கடைசியில் புடவையை இழுத்துக்கொள்ள வேண்டும். அன்று அவர் வெறுமனே திரும்பி உட்கார்ந்தார். இருக்கை அவருடைய இடுப்பு உயரத்திலேயே இருந்தது. கூரையைச் சுமார் 1.6 மீட்டருக்கு உயர்த்தி, மனிதரை நிமிர்ந்து உட்காரவைத்தால் குறுகிய நீளத்திலும் நான்கு பேருக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும் என்பதே அந்த வடிவத்தின் அறிவு. இன்று விற்கிற உயரமான சின்னக் கார்கள் பலவும் அதே வழியில்தான் போகின்றன.

மாருதி 800-ஐ மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 1983 டிசம்பரில் முதல் கார் கைமாறியபோது, 3.3 மீட்டர் நீளத்தில் ஒரு குடும்பம் அடங்கும் என்பதை நாடு நேரில் பார்த்தது. கண்ணாடிப் பரப்பில் அதற்கு இணையான காரை நான் இன்றுவரை ஓட்டவில்லை.

உலகில் எந்தக் காரிலும் இருக்கிற ஒரே ஒரு சிறந்த வடிவமைப்பு?

மூன்று முனை சீட் பெல்ட். வோல்வோவில் பொறியாளராக இருந்த நீல்ஸ் போலின் வடிவமைத்து 1959-ல் காரில் வந்தது. பிற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. ஒரே கையால், பார்க்காமலே, ஒரு நொடியில் போட முடிகிறது என்பதில்தான் அதன் மேதைமை இருக்கிறது. பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவரும் போட வேண்டும். பின் பெல்ட் பூட்டை இருக்கை உறைக்கு அடியில் புதைத்துவிடுகிற கடைக்காரரிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

புதிய கார்களின் பெரிய தொடுதிரை உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை?

திரை இருக்கட்டும். வரைபடம் பார்க்கவும் பின்னால் எடுக்கும்போது கேமராக் காட்சி பார்க்கவும் அது நல்லது. எதையெல்லாம் அதற்குள் போட்டுப் பூட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம்.

இரண்டு வருடங்களுக்கு முன் வால்பாறையிலிருந்து உறவினரின் புதுக் காரை ஓட்டி வந்தேன். ஆடி மாத மழை. கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கிய நேரத்தில் முன் கண்ணாடி உள்பக்கம் வியர்த்து வெள்ளையாகிவிட்டது. என் பழைய காராக இருந்திருந்தால் கை தானாகவே போய் ஒரு குமிழைத் திருப்பியிருக்கும். இந்தக் காரில் திரையில் பாட்டுப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடி, ஏசி படத்தைத் தொட்டு, அடுத்த பக்கத்தில் கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பும் சிறிய குறியைத் தேட வேண்டும். வண்டி குலுங்கியதில் விரல் வேறு இடத்தில் பட்டது. எதிரே பேருந்தின் ஹாரன் கேட்டது, பேருந்து தெரியவில்லை. இடப்பக்கம் தேயிலைச் சரிவோரம் வண்டியை நிறுத்தி, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு போனேன். அந்தச் சில நொடிகளை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை ஈரமாகிறது.

குமிழைக் கை தடவிக் கண்டுபிடிக்கும். வழுக்கும் கண்ணாடிப் பரப்பில் கைக்கு எந்த அடையாளமும் கிடையாது. ஒவ்வொரு முறையும் கண் சாலையை விட்டு வர வேண்டும். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்கு நேரடிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் ஐந்து நட்சத்திரம் என்கிறது. இங்கே அதே வேலையைச் செய்யும் நம் பாரத் என்கேப் இதை எடுத்துக்கொண்டு, கண்ணாடியின் வியர்வையைப் போக்கும் பொத்தானையும் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எல்லோரும் எஸ்யூவி வாங்குகிறார்கள். நாங்களும் வாங்கலாமா?

வேகத்தடைகள் அடிதட்டுகிற ஊரில், மழைக்குச் சுரங்கப்பாதைகள் நிரம்புகிற ஊரில், உயரமான வண்டியைக் கேட்பது நியாயம்தான். வாங்கும்முன் ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். உங்கள் குழந்தையை வேறொருவர் கையைப் பிடித்து, நிறுத்திய காரின் முன்னால் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். குழந்தையின் தலை எத்தனை அடி தள்ளிப் போனபின் தெரிகிறது என்று பாருங்கள். பானெட் உயர உயர, அந்தத் தூரம் கூடும். காரை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் வரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூரத்தை நினைவில் வையுங்கள்.

வாங்கியதும் என்னென்ன மாற்றலாம்?

நல்ல டயர், நல்ல வைப்பர் ரப்பர். இவ்வளவே. இரண்டு அங்குலம் பெரிய சக்கரம் போட்டால் டயரின் பக்கச் சுவர் மெலிந்து ஒவ்வொரு குழியும் முதுகுக்கு வரும். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வேண்டவே வேண்டாம். மத்திய அரசு 2017-ல் அதைத் தடைசெய்தது. மோதலின் விசை ஏர்பேக்கின் உணர்விகளுக்குப் போய்ச்சேரும் விதத்தை அது கெடுத்துவிடும். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. எனக்கு அதில் இன்னொரு காரணமும் உண்டு: நாற்சந்தியில் நீங்கள் நிற்கப் போகிறீர்களா, போகப் போகிறீர்களா என்பதை மற்றவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

நகர நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவர் ஆட்டோமேட்டிக் வாங்கட்டும். இடது கால் அவரை வாழ்த்தும். ஆனால் ஓட்டக் கற்றுக்கொள்வது மேனுவலில் இருக்கட்டும். பத்மினியில் கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தது. முதல் கியர் வண்டி நின்றால்தான் ஒழுங்காக விழும். வளைவுக்கு முன்பே எந்த வேகத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்தாக வேண்டியிருந்தது. அந்த முன்யோசனை என் உடம்பில் இன்னும் இருக்கிறது.

மலைப்பாதையில் ஓட்ட பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

அந்தப் பயம் நல்ல பயம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஏறுவது எளிது. இறங்கும்போதுதான் ஓட்டுநர் யார் என்று தெரியும்.

எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வார்கள். இதற்கு மேல் ஒரு பாடம் கிடையாது. இரண்டாவது கியரில் விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் தகடுகள் பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம். சூட்டில் அந்த ஈரம் ஆவியானால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றுங்கள். ஆழியார் சோதனைச் சாவடிப் பக்கம் விடுமுறை நாள் மாலையில் நின்று பாருங்கள். இறங்கி வருகிற கார்கள் சிலவற்றோடு கருகிய வாடையும் சேர்ந்து வரும்.

நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இன்றைய என்ஜின்களில் இது நேர்மாறு. கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினுக்குப் போகும் பெட்ரோலே நின்றுவிடும். சக்கரம்தான் அதைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ள எரிபொருள் குடிக்கும். சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் ஸ்டீயரிங்கின் பவரும் போய்விடும். இதைவிடப் பெரிய தவறு மலையில் கிடையாது.

குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது, மரியாதைக்காகச் சொல்வது இல்லை. பேருந்து வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். வேறு வழியில்லை அதற்கு. வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். இந்தப் பாதைகளில் ஓடும் அரசுப் பேருந்து ஓட்டுநர்களைத்தான் நான் ஆசான்களாக நினைக்கிறேன். பின் சக்கரம் சாலையோரக் கல்லை உரசாமல், பயணி ஒருவர் தோளும் அசையாமல் அந்த நீள வண்டியை அவர்கள் திருப்புவதை ஒன்பதாவது வளைவின் காட்சி முனையில் நின்று மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

வால்பாறைக்கு முன்னால் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். வேகத்தைக் குறையுங்கள், தின்பண்டம் எதையும் வீசாதீர்கள். அந்தப் பழக்கம்தான் அவற்றைச் சக்கரத்தின் அடிக்குக் கொண்டுவருகிறது.

நம் சாலைகளில் விளக்கையும் ஹாரனையும் இப்படிப் பயன்படுத்துவது ஏன்?

ஒரே சைகைக்கு இரண்டு பொருள் இருப்பதால். இங்கிலாந்தில் விளக்கைச் சிமிட்டினால் பெரும்பாலும் நீங்கள் போங்கள் என்று பொருள். நம்மிடம் நான் வருகிறேன், நில் என்று பொருள். நெடுஞ்சாலையில் சில லாரி ஓட்டுநர்கள் வலது இண்டிகேட்டர் போட்டால் முந்திக்கொள் என்கிறார்கள். வேறு சிலர் அதற்கு இடது இண்டிகேட்டரைப் போடுகிறார்கள். உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பப் போகிறவரும் அதே வலது இண்டிகேட்டரைத்தான் போடுகிறார். நான் இண்டிகேட்டரை நம்பி முந்துவதில்லை. எதிர்ச்சாலை என் கண்ணுக்குத் தெரியும் வரை லாரிக்குப் பின்னால் தள்ளியே வருவேன்.

ஹை பீமைப் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம். எதிரே வருகிறவரின் கண் கூசினால், அவர் ஓட்டுகிற வண்டி சில நொடிகளுக்குக் குருடாகி என்னை நோக்கித்தான் வருகிறது. டிம் செய்வது என் உயிருக்கும் சேர்த்துத்தான். பழைய விளக்குக் கூட்டில் அதிக வெளிச்சமுள்ள எல்இடி பல்பை மாட்டுகிறவர்களே, அந்தக் கூட்டின் கண்ணாடி அந்த பல்புக்காக வார்க்கப்பட்டது இல்லை. வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருகிறவரின் முகத்தில் விழுகிறது.

வேகமாக ஓட்ட ஆசை. தவறா?

ஆசை தவறில்லை, இடம் முக்கியம். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே தமிழ்நாட்டுக்கு இந்த மரபு உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான களம் வந்தது. எங்கள் பக்கம் செட்டிபாளையத்தில் கார்ப் பந்தய வீரர் கரிவரதனின் நினைவாக 2003-ல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். ஹெல்மெட் போட்டு, களத்தில் ஒரு நாள் பயிற்சி எடுத்துப் பாருங்கள். பிரேக்கை எங்கே தொடங்க வேண்டும் என்பதை அங்கே ஒரு மணி நேரத்தில் கற்றது எனக்குச் சாலையில் இருபது வருடம் உதவியிருக்கிறது. அவிநாசி சாலையில் நள்ளிரவில் யாரோ ஒருவரின் அப்பா வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருப்பார்.

மின்சாரக் கார் வந்துவிட்டால் ஓட்டும் சுகம் போய்விடுமா?

போகாது. மலை இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து அந்த ஆற்றலை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புவது அருமையான அனுபவம். மேலே தங்கும் விடுதியில் மட்டும் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய மின்கலம் திரும்பி வரும் ஆற்றலை ஏற்காது, பிடிமானம் குறைந்துவிடும். பெட்ரோல் காரை மாற்றி மின்சாரக் காராக்கியவற்றில் தரை உயர்ந்து, பின் இருக்கையில் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும். உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

பழைய பத்மினி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ஓடவைக்க வாங்குவதானால் வாங்குங்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். தரை விரிப்பைத் தூக்குங்கள். அந்தக் காருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். தரையும் கதவுக்கு அடியில் ஓடும் பட்டியும் துருப்பிடித்திருந்தால் காரின் முதுகெலும்பே போய்விட்டது என்று பொருள். திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும், பொதபொதவென்று கேட்கக் கூடாது. பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 15 வருடம் கடந்த கார்களுக்கு ஐந்தைந்து வருடமாகத்தான் கிடைக்கும். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக முன் கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிப் பாருங்கள். கொக்கி உடைந்திருக்கும், அநேகமாக எல்லா வண்டியிலும் உடைந்திருக்கும். உக்கடத்தின் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் கிடைக்கும். எங்கள் வண்டிக்கு நான் அங்கேதான் வாங்கினேன்.